படிக்கட்டடியில் ஒரு காவலர்

தலைநகரின் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பின் வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் வந்து உட்கார்ந்த அன்றே, அழகர்சாமி ஆறு மாதமாகக் கட்டிக்காத்த ரகசியம் காற்றில் போயிற்று.

கண்காணிப்புப் பொறியாளர் வெங்கட்ராமன் மட்டமான சிமெண்டுக்கு ஒப்புதல் தந்து கையூட்டு வாங்குகிறார் என்று ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதியவர், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இந்த அழகர்சாமிதான். புகார் தருபவரின் பெயர் வெளியே வராது என்று 2004இல் வந்த அரசுத் தீர்மானம் உறுதி கூறியதை நம்பி எழுதினார். முடிக்கும்போது, நெடுநாள் அலுவலகப் பழக்கத்தில், 'தக்க பாதுகாப்பு வழங்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்' என்று ஒரு வரியைக் கை தானாகச் சேர்த்துவிட்டது. விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அந்த வரியை மட்டும் அரசு நிறைவேற்றிவிட்டது.

காவலர் ராம்பால் நல்லவர், அதுதான் தொல்லை. காய்கறி வண்டிக்காரர் கேட்டாலும், "மேல்மாடி சாஹப் பெரிய அதிகாரியையே மாட்டிவிட்டிருக்கார்" என்று இந்தியில் பெருமையாகச் சொன்னார். அழகர்சாமி அவர் நாற்காலியைப் படிக்கட்டுக்குப் பின்னால் ஒளித்துப் போட்டும் பயனில்லை.

எதிர்வீட்டு மங்களம் மாமி அழகர்சாமியின் மனைவியைப் படியிலேயே மடக்கினாள். "ஏன் உமா, உங்காத்துக்காரர் எப்போ மினிஸ்டர் ஆனார்? சொல்லவே இல்லியே!"

உமாமகேஸ்வரி உள்ளே வந்து கணவர்மேல் பொரிந்தாள். "வெங்கட்ராமன் சார் வீட்டம்மா கோயில்ல என்னயப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. மொதல்ல அந்தாள அனுப்புங்க!"

மறுநாள் அழகர்சாமி ஆணையத்துக்கே போனார். அங்கே எழுத்தராக இருந்த அம்புஜம் தமிழ்க்காரி.

"காவல் வேண்டாமா? அச்சா. எனக்கு ஆபத்து இல்லைன்னு எழுதி, மேலதிகாரி மூலமா அனுப்புங்கோ."

"மேலதிகாரி மேலதாம்மா புகாரே!"

"யார் மேலன்னு நான் கேக்கலியே சார். ரூல் அப்படி."

மாலையில் எழுத உட்கார்ந்தார். 'எனக்கு யாராலும் எந்த ஆபத்தும் இல்லை' என்ற வரியோடு பேனா நின்றது. இந்தத் தாள் நாளை வெங்கட்ராமனின் மேசையில் இருக்கும். புகாரே பொய் என்று சாதிக்க அவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காவலர் இருந்தால் மானம் போகிறது. போனால் புகாரே போகும். தாளைச் சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

ராம்பால் எழுந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி பூட்ஸ் காலைத் தட்டிச் சல்யூட் அடித்தார். "நாளைக்கும் நான் உண்டா, சாஹப்?"

"இரு, தம்பி."

படிக்கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நாற்காலியை அழகர்சாமியே வாசலின் நடுவுக்கு இழுத்துப் போட்டார். இன்னொன்றையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். மங்களம் மாமியின் சன்னல் திறந்தது. அழகர்சாமி அண்ணாந்து கத்தினார்.

"உமா! ரெண்டு டீ போடு. நானும் இங்கதான் குடிக்கப்போறேன்."

மேலிருந்து உமாமகேஸ்வரியின் குரல் வந்தது.

"சீனி இல்லங்க. நாலு நாலு கரண்டியாப் போட்டு அந்தாளே தீத்துட்டாரு!"