பேய்கள் சங்கத்தில் ஓர் உயிருள்ள உறுப்பினர்

1

எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால் நான் வேறொருத்தி ஆகிவிடுவேனா என்ன? இந்தப் பக்கம் இருந்து வைத்த பொறி அந்தப் பக்கம் போனதும் மறந்தா போகும்? மறந்த மாதிரி நடிக்கலாம். நடிக்கிறோம் என்பது மட்டும் மறக்காது.

இப்படி நினைத்துக்கொண்டே நாற்காலி மாறினாள் வகானா.

(நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கண்டது இவ்வளவுதான். ஒரு மாலை துணி எடுக்க மாடிக்குப் போனேன். எதிரே நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு சிறுமி மேசைமேல் எதையோ நகர்த்தினாள். எழுந்து, சுற்றிப்போய், எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். நகர்த்தினாள். மறுபடி எழுந்தாள். காயாத காலுறை ஒன்றைப் பிடித்தபடி நான் நின்றுவிட்டேன். மற்றதெல்லாம் என் சரக்கு.)

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "செர்ரிப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்து"

வேண்டாம். இங்கே இத்தனை வருஷம் குப்பை பிரித்துப் போட்டு வாழ்ந்தவள் நான். எனக்குமா பூ?

அடுத்து: "அந்தப் பள்ளியில் எல்லோரும் ஏதாவதொரு சங்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டும்." இது தேவலை. வகுப்பு முடிந்ததும் பேஸ்பால், வாள்பயிற்சி, ஊதுகுழல் வாத்தியம் என்று இருட்டும்வரை இழுக்கும். சில சங்கங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது. பேசாமல் வீட்டுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகவே இருந்தது ஷோகிச் சங்கம். ஷோகி என்பது இந்த ஊர்ச் சதுரங்கம். பெயரைக் கொடுத்துவிட்டு மறைந்துவிடலாம். அப்படி மறைந்தவர்களுக்குப் 'பேய் உறுப்பினர்' என்றே இங்கே பெயர். பேய்களையும் சேர்த்து எண்ணினால் பள்ளியிலேயே பெரிய சங்கம் அதுதான்.

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் யாருக்கும் சொன்னதில்லை. வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த வகானா சுவரில் பழுப்பேறிய விளம்பரத்தைப் படித்தாள். 'புதன் தவிர தினமும் கூடுவோம்.' புதன் தவிர தினமும் போனாள்.

3

அப்படி என்ன ஆசை அவளுக்கு?

இந்த இடத்தில் அவளுக்கு ஒரு சோகம் கொடுக்கப் பார்த்தேன். செத்துப்போன அப்பா, ஷோகிப் பலகையை நெஞ்சோடு அணைத்து என்று கை தானாக எழுதிக்கொண்டு போனது. அடித்துவிட்டேன். அப்பா நலமாக இருக்கிறார், மீன் லாரி ஓட்டுகிறார்.

வகானா ஆட்டம் கற்றது கைப்பேசியில். கைப்பேசி நன்றாக ஆடும். ஆனால் யோசிக்கும்போது அதற்கு முகம் கிடையாது. தான் வைத்த பொறியை எதிராளி கண்டுகொள்ளும் நொடியில் அவர் முகம் என்னவாகும்? மூக்கோரம் சுருங்குமா, காது சிவக்குமா? அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் அதற்கு இன்னொரு ஆள் வேண்டுமே.

4

ஒருநாள் ஆட்கள் வந்தார்கள், அறை கொள்ளாமல்.

வகானா துள்ளி எழுந்தாள். அலமாரியிலிருந்த பலகைகளையெல்லாம் இறக்கித் தூசி தட்டி, காய்களை அடுக்கத் தொடங்கினாள். வந்தவர்கள் வரிசையாக நின்று தலை வாரிக்கொண்டார்கள்.

"ஏய் புதுசு, இப்படி ஓரமா நில்லு. மறைக்குது," என்றான் நெட்டையாக ஒருவன். கன்னாரி, மூன்றாம் ஆண்டு, சங்கத் தலைவன்.

"சென்பாய், முதல்ல யாரு கூட ஆடணும்?" மூத்த மாணவரை இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"ஆடணுமா? இன்னிக்கு ஆல்பத்துக்குப் படம் பிடிக்கறாங்கம்மா."

"நீங்கதானே தலைவர்?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் கெட்ட நேரம்." பின்னால் சிரிப்பு. "நீதானா தினமும் இங்க வர்ற? பேய்வீட்டுல ஆள் நடமாட்டம்னு பேசிக்கிட்டாங்க."

"படம் முடிஞ்சதும் ஒரே ஒரு ஆட்டம், சென்பாய்?"

கன்னாரி பின்கழுத்தைச் சொறிந்தான். "அது கொஞ்சம்…" என்றான்.

(இந்த ஊரில் அந்த வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை. அதுதான் மறுப்பு. முடியாது என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, மீதியைக் கேட்பவர் தலையில் கட்டிவிடுவார்கள். நான் வந்த புதிதில், என்ன கொஞ்சம், எது கொஞ்சம் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.)

படம் பிடித்தவர் பையை மூடுவதற்குள் அறை காலி. அன்று வகானா மேசைக்கு மேசை நடந்து எல்லாப் பலகையிலும் இரண்டு பக்கமும் தானே ஆடினாள் என்று எழுதினேன். அழுதுகொண்டே என்று சேர்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிட்டேன்.

5

இனி சென்செய். சங்கப் பொறுப்பாசிரியர் ஹிசமத்ஸு, கணக்கு வாத்தியார். ஷோகியில் எந்தக் காய் எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாதவர்.

முதல் வரைவில் இவரை வில்லனாக்கினேன். மெல்லிய உதடு, சாவிக்கொத்தைச் சுழற்றும் விரல். வசதியாக இருந்தது. பிறகு, பேய்கள் மட்டுமே உள்ள சங்கத்தை ஒரு மனிதர் ஏன் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யோசித்தேன். யோசித்தது தப்பு. அவருக்கு ஒரு குழந்தை பிறந்துவிட்டது.

மழை பெய்த மாலையில், மேல்கோட்டோடு வந்தார். நிற்கத் தெம்பில்லாமல் எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தோமோரி, நீ ரொம்ப நல்ல பொண்ணு."

குடும்பப் பெயரைச் சொல்லி நல்ல பொண்ணு என்றால் ஏதோ வரப்போகிறது. வகானா காயைக் கீழே வைத்தாள்.

"நீ இருக்கற வரைக்கும் நானும் பள்ளிக்கூடத்துல இருக்கணும். அதுதான் விதி. என் பொண்ணு குழந்தைகள் காப்பகத்துல இருக்கா. எல்லாப் பிள்ளைங்களும் போனப்புறம் இவ மட்டும் ஷூவைப் போட்டுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கா. அவ அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை."

"சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, சென்செய்."

"குடுத்தா என் வேலை போயிரும்."

"ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்களேன். நான் சொல்லித் தர்றேன்."

"எனக்கு இதெல்லாம் ஏறாதும்மா." பலகையைப் பார்த்தார். எப்படிக் கேட்பது என்று சொல் தேடினார். நெற்றி மடிந்தது, கண் ஓரிடத்தில் நின்றது, மூக்கோரம் மெல்லச் சுருங்கி விரிந்தது.

வகானா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்த முகம். இத்தனை மாதம் நாற்காலி மாறி மாறித் தேடிய அதே முகம். அவளைக் காணாமல் போகச் சொல்ல வழி தேடிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது.

"தப்பா நினைக்காதே," என்றார் சென்செய். "நீயும் மத்தவங்க மாதிரி பேயாயிடேன்."

6

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: சென்செய் குழந்தையை இங்கேயே தூக்கி வருகிறார், அது காய்களை வாயில் போடுகிறது. (எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கே பிடிக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

இரண்டு: கன்னாரி மனம் திருந்தி, மழையில் நனைந்து, மூச்சிரைக்க

வேண்டாம். அவனுக்கு வீட்டில் தூக்கம் இருக்கிறது.

மூன்று: வகானா சரி என்று தலையாட்டிவிடுகிறாள். இதுதான் நியாயம் என்று நினைத்தேன். வாசலில் ஷூவோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு வேறெதை எழுத? அவளிடமே இதமாகச் சொல்லிப் பார்த்தேன்: "கண்ணு, ஒரு தலையாட்டல்தான். கதை அழகா முடிஞ்சிரும். நீ இல்லேன்னாலும் யாருக்கும் தெரியாது."

கடைசியாகச் சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் ஜன்னல் வழியே என் மாடியைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். பலகையின் இரண்டு பக்கமும் காய்களை நேராக்கினாள். சென்செய் பக்கத்துக் காய்களை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். முதல் நகர்த்தல் அவருக்கு. அவரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், தலையை மட்டும் பணிவாகத் தாழ்த்தினாள்.

"அது கொஞ்சம்…"