கார் நின்ற இடம்

எவ்வளவு பொடி எழுத்தானாலும் பளிச்சென்று தெரியும்படி கண்ணாடி மாட்டிவிடுவேன் என்பது கண்ணாடிக் கடைக்காரரின் பெருமை. சொந்த வீட்டுப் பின்பக்கம் மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

கீழ்த்தளக் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் மேலே எட்டிப் பார்த்தது. பின்பக்க மண் சொதசொதவென்று கிடந்தது. வாடையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை மாமனார் வந்து தங்க வேண்டும். முட்டி ஆபரேஷன் ஆனவர், மாடிப்படி ஏற முடியாது. அதற்குள் சரியாகாவிட்டால் சகலை வீட்டுக்குப் போய்விடுவார். சகலை வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. அதைச் சகலை இதுவரை முப்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

திங்களன்று பிளம்பர் வந்து செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார்.

"டேங்க்ல கோளாறு இல்ல சார். அதுலேர்ந்து வெளிய போற தண்ணி மண்ணுல இறங்க மாட்டேங்குது. ஓட்டை போட்ட குழாயை ஜல்லிக்கு நடுவுல எங்கயோ புதைச்சிருப்பாங்க. எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? நாலு வருடத்துக்கு முன்னால், புதுக் கார் வந்த ஜோரில், அந்தக் குழாய்களுக்கு மேலேயே மெல்லிசாக ஒரு கான்கிரீட் தளம் போட்டுக் காரை நிறுத்தியவர் இவர்தானே. "என்னங்க, அடியில குழாய் போகுதே, தாங்குமா?" என்று மனைவி அன்றைக்கே கேட்டாள். "எனக்குத் தெரியாததா? நீ சும்மா இரு" என்று மடக்கிவிட்டார். இப்போது எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

"வேலியோரமா இருக்கும்னு நினைக்கிறேன்," என்றார், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

பிளம்பர் வேலியோரம் தோண்டினார். செவ்வாயும் தோண்டினார், புதனும் தோண்டினார். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "கிடைச்சுதாண்ணே?" என்பாள். "இன்னும் இல்லக்கா" என்பார் அவர். கடைக்காரருக்குக் கடையில் கை ஓடவில்லை. ஒரு பெரியவருக்குக் குழந்தைக் கண்ணாடியை மாட்டப் போய், காது இரண்டும் மடங்கிவிட்டன.

வியாழன் சாயங்காலம் மாமனார் போன் செய்தார்.

"வேலை முடியலன்னா சங்கடப்படாதீங்க மாப்பிள்ளை. நான் பெரியவ வீட்டுக்கே போயிடறேன், லிஃப்ட் இருக்கு. என்ன, அங்க ஆளாளுக்கு ரூம் கதவைச் சாத்திக்குவாங்க. உங்கள மாதிரி உக்காந்து வாயடிக்கத்தான் ஆள் இல்ல."

சொந்த அப்பாவிடம்கூடக் கடைக்காரர் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. இந்த மனிதரைப் போயும் போயும் ஒரு லிஃப்டிடம் பறிகொடுப்பதா?

வெள்ளி காலை காரை எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, மனைவி முன்னும் பிளம்பர் முன்னும் வந்து நின்றார்.

"குழாய் இங்க இருக்கு. கார் நின்ன இடத்துக்கு அடியில. எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும்." மனைவி பக்கம் திரும்பினார். "நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் கேக்கல."

பிளம்பர் கடப்பாரையைக் கையில் எடுத்தார். அது ஏற்கெனவே கான்கிரீட் தளத்தின் ஓரமாகத்தான் சாய்ந்திருந்தது.

"அக்கா திங்கக்கிழமையே சொல்லிட்டாங்க சார்."

"அப்ப இத்தனை நாளா வேலியோரம் என்ன பண்ணீங்க?"

"இங்க மண்ணு ஊறிப்போச்சு. குழாயை மாத்தினாலும் பாதித் தண்ணிதான் குடிக்கும். மீதிக்குப் புதுப் பள்ளம் வேணுமே, அதத்தான் தோண்டினேன். நீங்க கைகாட்டினது நல்ல இடம் சார்."

"இன்னிக்குப் பத்து மணி வரைக்கும் நீங்களா சொல்றீங்களான்னு பார்த்துட்டு ஒடைச்சிடுங்கன்னு சொல்லியிருந்தேன்," என்றாள் மனைவி. "ஒன்பதேகாலுக்கே வாய் தொறந்துட்டீங்க. பரவாயில்ல."

தளத்தை உடைத்துப் பார்த்தால், சக்கரம் நின்ற இடத்தில் குழாய் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. புதுக் குழாய் போட்டு, புது ஜல்லி கொட்டி, வேலியோரப் பள்ளத்தோடு இணைத்து மண்ணை மூடுவதற்குள் பொழுது சாய்ந்தது. கடைக்காரர் கழிவறையில் பத்து வாளித் தண்ணீர் ஊற்றி, அது இறங்குகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்.

சனிக்கிழமை மாமனார் வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தார். கழிவறைக்குப் போய்த் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, கார் தெருவுல நிக்குது?"

மனைவி சமையலறை வாசலில் வந்து சாய்ந்து நின்றாள். இந்த முறை ஆகாயத்தைப் பார்க்க வழியில்லை, தலைக்கு மேலே கூரை இருந்தது. கடைக்காரர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"அது என் முட்டாள்தனம் மாமா. மொதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க."

மாமனார் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். அதற்குத்தானே அவர் வந்திருந்தார்.