சந்தனம் வைத்த இடம்

பாண்டிச்செல்விக்கு வீசிங். விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் போதும், அன்றைக்கு உட்கார்ந்தேதான் தூங்க வேண்டும். அதற்காகத்தான் பரவை வீட்டுக்கு வேக்குவம் கிளீனர் வந்தது. அதுவும் ஒரு வாரமாக மக்கர். சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரம் உறுமும், சூடேறும், நின்றுவிடும். ஒரு முடியைக்கூட உறிஞ்சாது.

"சாயங்காலம் பழைய இரும்புக்கார மருதுவக் கூட்டிட்டு வாரேன். எடைக்குப் போட்ருவோம்" என்றான் அவள் புருசன் அருள்பாண்டி.

"அப்புறம் எதை வச்சுங்க கூட்டுறது?"

"ஊரே வெளக்குமாத்துலதான கூட்டுது."

கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிற மனுசனின் பேச்சைப் பாருங்கள். அவன் வண்டி தெரு திரும்பியதும் அவளுக்கு அழுகை முட்டியது. அழுதாலும் இழுப்பு வரும் என்று விழுங்கிக்கொண்டாள்.

போகிறதுதான் போகிறது, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமே. பிளக்கைப் பிடுங்கி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். தூசிப் பையைக் கொட்டினாள். ஃபில்டரை அலசி வெயிலில் காயப் போட்டாள். பிரஷ்ஷில் சுற்றிய முடியைக் கத்தரித்தாள். அத்தனையும் அவள் முடி. இம்புட்டா கொட்டுது என்று அது வேறு கவலை. குழாய்க்குள் ஒரு கோலிக்குண்டை உருட்டினாள், மறுபக்கம் வந்து விழுந்தது. எல்லாம் காய்ந்தபின் மாட்டிப் போட்டால் மறுபடியும் அதே உறுமல், அதே சூடு.

சரி, உள்ளே இழுக்கிற காற்று எங்கேதான் போகும்? முன்பெல்லாம் பின்னால் நின்றால் சேலை படபடக்குமே. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. நிறுத்தித் திருப்பினாள்.

அடப்பாவி மனுசா! போன வாரம் ஆயுத பூசைக்கு லேத்துக்கு வைத்த மாதிரி இதற்கும் கை நிறையச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தான். முன்பக்கம் வளைவாக இருக்கிறதென்று பின்பக்கத்தைப் பிடித்திருக்கிறான். அங்கிருந்த பொடி ஓட்டைகள் எல்லாம் அடைத்துக் கல்லாகிக் கிடந்தன. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஈரத்துணியால் ஊற வைத்து, ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு சுவிட்சைப் போட்டதும், கீழே கிடந்த துண்டையே வாய்க்குள் இழுத்தது.

சாயங்காலம் அருள்பாண்டி மருதுவோடு வந்தபோது அவள் ஹாலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மெசினை அமர்த்தினாள்.

"வாங்கண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க. எடைக்கு ஒண்ணும் இல்ல."

அருள்பாண்டி குனிந்து மெசினின் பின்பக்கத்தைப் பார்த்தான். "பூசைக்கு வச்ச பொட்ட ஏன் அழிச்ச?"

"அடுத்த வருசம் நெத்தியில வைங்க. அது மூச்சு விடுற எடம்."

"அதெப்படி ஒனக்குத் தெரிஞ்சுச்சு?"

"மூச்சு விட முடியாம வேல பாக்கச் சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாங்க?"

மருது காப்பி குடித்துப் போனதும், அவள் கையிலிருந்து குழாயை வாங்கி மிச்ச ஹாலை அவனே முடித்தான்.