ஹார்ட்டு இல்லை

இறந்துபோன மகனின் வயிற்றின் மேல் தண்ணீரை ஊற்றப்போன பஷீரின் கையில் சொம்பு அப்படியே நின்றது. குச்சியாய்ப் போன கை, குச்சியாய்ப் போன கால், நடுவே அந்த வயிறு மட்டும் இறுக்கித் தைத்த மூட்டைபோலத் தூக்கிக்கொண்டிருந்தது. தோல் முழுக்க மஞ்சள்.

"இன்னா மச்சான், ஹார்ட்டுன்னு சொன்னியே?" மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த சுஃபியான் குரலைத் தாழ்த்திக் கேட்டார். பஷீரின் மனைவிக்குத் தம்பி.

"ஹார்ட்டுதான். நீ துணிய இழுத்து மூடு."

"குளிப்பாட்டறவன் பாத்தத வெளிய சொல்லக்கூடாது, நான் சொல்ல மாட்டேன். ஆனா வாசல்ல கீறவனுங்க வாய யாரு மூடறது? 'லாரி ஓட்டறவன், ஈரல் பூட்ச்சு, எதனாலன்னு தெரியாதா'ன்றானுங்க."

"எவன் சொன்னான்?"

சுஃபியான் கற்பூரத் தண்ணீரைக் கலக்க ஆரம்பித்தார்.

மகன் தவ்ஃபீக் ஒரு சொட்டு குடித்தவனில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில், எண்ணூர் சாலையில், ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவன். தூக்கம் வந்தால் கூல்டிரிங்ஸ், பசித்தால் பரோட்டா, இரண்டும் இல்லாவிட்டால் சர்க்கரை தூக்கலாக டீ. டாக்டர் ஈரல் என்றபோது பஷீர் நம்பவில்லை. மூட்டை தூக்கிய காலத்தில் ஈரல் கெட்டுச் செத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அத்தனை பேரும் குடித்தவர்கள். கண்ணால் பார்த்ததை நம்புவார், ஸ்கேனை நம்ப மாட்டார். இன்று காலை முதல் ஆள் வந்து கேட்டதும் ஹார்ட்டு என்றார். ஹார்ட்டு என்றால் எவனும் உதட்டைப் பிதுக்க மாட்டான்.

கபன் துணி சுற்றி முடித்ததும், உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மருமகள் மெஹ்னாஸ் கூப்பிட்டாள்.

"ஹார்ட்டுன்னு எதுக்கு மாமா சொன்னீங்க?"

"உன் புருஷன் பேரு கெடக்கூடாதுன்னுதான்."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கு அவரு வாய மோந்து பாத்தது யாரு? வாசல்ல கீறவனுங்களா?"

பஷீர் வாசல் பக்கம் திரும்பினார்.

"உங்க சின்ன புள்ள காலித்துக்கும் கீது மாமா."

"இன்னா கீது?"

"அதே கொழுப்பு. ஈரல்ல. மணலி கம்பெனில செக்கப் பண்ணப்ப தெரிஞ்சுது. உங்களாண்ட சொன்னா குடிகாரன்னு சொல்வீங்கன்னு அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிகீறான். இது ஆரம்பந்தான், வாயக் கட்டி, நடந்து, எடைய கொறைச்சா ஈரல் பழையபடி ஆயிரும்னு டாக்டரு சொன்னாராம். இவருக்கும் மொதல்ல அதத்தான் சொன்னாங்க. கேக்கல." அவள் குரல் உடையவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "இப்ப நீங்க ஹார்ட்டுன்னுட்டீங்க. 'அத்தாவே சொல்லிட்டாரு, அண்ணனுக்கு ஹார்ட்டுதான் அண்ணி'ன்றான். தெரிஞ்சுகினே சொல்றான்."

பஷீர் வாசலுக்கு வந்தார். இளையவன் காலித் யாரோ கொடுத்த கலர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினான். சட்டையின் பொத்தான்கள் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றன. அந்த வயிற்றைப் பார்த்து அவர் பெருமைப்பட்டதுண்டு. தன் பிள்ளைகள் பசி அறியாதவர்கள் என்று ஊருக்கே அது சொல்கிறதே. இப்போது அதைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினார். மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆட்கள் தோள் கொடுத்தார்கள்.

மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். கேட்டுக்கு வெளியே தவ்ஃபீக்கோடு லாரி ஓட்டிய டிரைவர்கள், சாவியோ என்பவன் முன்னால் நிற்க, தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மையத்துக்கு உரியவங்க ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க பாய்," என்றார் இமாம்.

பஷீர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "என் புள்ள யாரு மனசையாச்சும் நோவடிச்சிருந்தா மன்னிச்சிருங்க. குடுக்கல் வாங்கல் இருந்தா என்கிட்ட வாங்க."

வழக்கமாக அவ்வளவுதான் பேச்சு. இமாம் தொழவைக்கத் திரும்பினார். பஷீர் திரும்பவில்லை.

"இன்னொண்ணு கீது. ஹார்ட்டுன்னு சொன்னேன். பொய்யி."

"மச்சான்," என்று சுஃபியான் சட்டையைப் பிடித்து இழுத்தார். பஷீர் கையைத் தட்டிவிட்டார்.

"ஈரல் பூட்ச்சு. குடிச்சவனில்ல. பெத்தவன் நானே நம்பல, நீங்க எப்டி நம்புவீங்க? கலரு, மைதா, குந்திகினே வேல. ஈரல் பூரா கொழுப்பு ஏறி, அப்பால காஞ்சு கல்லாயிருச்சு. டாக்டரு மொதல்ல சொன்னப்பவே கேட்டிருந்தா திரும்பியிருக்கும். ஆரம்பத்துல பாத்தா திரும்பும். இத்த வெச்சிகினு எவனாச்சும் மறைக்கறீங்கன்னா மறைக்காதீங்க. குடிகாரன்னு எவனாச்சும் கேட்டா, அவன என்னாண்ட அனுப்புங்க."

"பெருசு எங்க வந்து இன்னா பேசுது," என்று பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். பஷீர் அவனைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் குனிந்திருந்த காலித்தின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நிமிரவில்லை. கேட்டுக்கு வெளியே சாவியோ தன் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தான்.

இமாம் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கினார்.

மண் போட்டு முடித்து எல்லாரும் கலைந்தபோது காலித் பைக்கை எடுத்து வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஏறு அத்தா."

"சாவிய சாவியோகிட்ட குடு. வண்டிய அவன் கொணாந்து வுடுவான்."

"வூடு எவ்ளோ தூரம் கீது!"

"தெரியும்."

காலித் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சாவியைக் கொடுத்தான்.

டிரெய்லர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அப்பனும் மகனும் நடந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே பஷீர் முந்திவிட்டார். பின்னால் காலித்துக்கு மூச்சு இரைக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. ஒரு லைட் கம்பத்தடியில் நின்று, செருப்பைக் கழற்றி, கம்பத்தில் தட்டினார். மண் எதுவும் விழவில்லை. அந்த மூச்சு பக்கத்தில் வந்து சேரும்வரை தட்டிக்கொண்டேயிருந்தார்.