மதர் அலோய்சியா கொடுத்த முட்டை

எங்கள் பள்ளிக்கு மறைமாவட்டத்தார் வெளியிட்ட வெள்ளிவிழா மலரில், பள்ளியைக் காப்பாற்றி வளர்த்தவர் மதர் அலோய்சியா என்று போட்டிருக்கிறார்கள். வளர்த்தவர் அவர்தான், மறுக்கவில்லை. காப்பாற்றியது வேறு ஆள். நான் கண்ணால் பார்த்தவள், சொல்லாமல் விடமாட்டேன்.

பள்ளி தொடங்கிய பிறகு வந்த முதல் ஈஸ்டர் அன்று, ஹாலந்தில் தன் ஊர் வழக்கப்படி, மதர் பள்ளியிலேயே தங்கிப் படித்த எங்களுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டை கொடுத்தார். முட்டை தின்ற பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது, அவளை எவனும் கட்டமாட்டான் என்பது உகாண்டாவில் எங்கள் புகாண்டா சீமையில் கைக்குழந்தைக்கும் தெரியும். பாவம், மதருக்குத் தெரியாது. அவர் நீட்டும்போது மறுக்க எங்களுக்குத் தைரியமில்லை. ருசித்த பிறகு மறுக்க மனமும் இல்லை.

மறுநாளே அப்பாமார் கூட்டமாக வந்துவிட்டார்கள், பின்னால் அம்மாமார். எல்லோருக்கும் முன்னால் என் அப்பா கிபிரிகே. அவர் என்னைக் கூட்டிப்போனால் மற்றவர்களும் தங்கள் பெண்களைக் கூட்டிப்போய்விடுவார்கள். பள்ளி அத்தோடு சரி. அப்போதுதான் என் பெயரை எழுதக் கற்றிருந்தேன்.

“அகதா, மூட்டையைக் கட்டு!” என்று என்னை அதட்டிவிட்டு அப்பா மதரிடம் திரும்பினார். “ஏம்மா, எங்க பொண்ணுங்களை மலடியாக்கவா கப்பலேறி வந்தீங்க?”

“தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிருங்க,” என்றார் மதர், எங்கள் பாஷையில் தடுமாறி.

“மன்னிச்சா ஆச்சா? இவளை எவன் கட்டுவான்? நீங்க கட்டிப்பீங்களா?”

கூட்டம் சிரித்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். அப்போது அம்மா நமுலி முன்னால் வந்து அவரெதிரே மண்டியிட்டாள். எங்கள் வழக்கப்படி புருஷனிடம் மண்டியிட்டுத்தான் பேச வேண்டும். அம்மா அந்த முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

“ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லித் தொலை.”

“நானும் முட்டை திங்கிறவதான். வாழைத்தோப்புக்குள்ள சாம்பல்ல சுட்டுத் தின்பேன். கல்யாணமானதுலேர்ந்தே. ஏழு பெத்திருக்கேன்.”

ஆண்கள் மெல்லத் திரும்பித் தங்கள் மனைவிமாரைப் பார்த்தார்கள். அம்மாமார் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

“அப்ப முட்டையைத் திருடினது நம்ம நாய் இல்லையா? அதைப் போட்டு அந்த அடி அடிச்சேனேடி!”

“பாவந்தான். முட்டை ஓட்டை அதுக்குத்தாங்க போடுவேன்.”

அப்பா என் கையை விட்டார். நான் பள்ளியிலேயே இருந்தேன், மற்றவர்களும் இருந்தார்கள். இன்று அதே பள்ளிக்கு நான் தலைமையாசிரியை.

மலரில் அம்மாவின் பெயர் இல்லை என்று எனக்குக் கோபம்தான். அதனால் விழா விருந்தில் அவளை முதல் வரிசையில், பிஷப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஊரே பார்க்க அவள் முட்டை தின்றாள். மறுபக்கம் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தது அப்பா.