ஓடைக்கு இந்தப் பக்கம்

குற்றாலத்துக்கு சீசன் மூன்று மாதம். ஆனி பிறந்தால் கடைகளுக்கு உயிர் வரும். ஆவணி கழிந்தால் பாதிக் கடைகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். மலைக்கு அப்படியெல்லாம் சீசன் கிடையாது, பன்னிரண்டு மாதமும் ஏறலாம் என்று சொல்லித் திரிந்தவள் தென்காசி ஜுஹைனா ஒருத்திதான். ஆடியில் அட்டைக்கடி, மாசியில் பனி, சித்திரையில் பாறைச் சூடு என எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அனுமதி உள்ள பாதைகளில் நாலு வருடமாக ஆட்களைக் கூட்டிப் போகிறாள். ஊர் சிரித்தது. அடிவாரத்து ரிசார்ட் ஒன்று மட்டும் அவளை வழிகாட்டியாக வைத்துக்கொண்டது. அந்த வேலை அவளுக்கு உயிர்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, ரிசார்ட் விருந்தினர் எட்டுப் பேரோடு இரண்டு மணி நேரம் ஏறி ஓடைக்கு வந்தாள். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். தாண்டினால் அரை மணியில் உச்சிப் பாறை. எட்டுப் பேரும் அதற்காகத்தான் மூச்சு வாங்க ஏறியிருந்தார்கள்.

ஜுஹைனா குனிந்து பார்த்தாள். போன வாரம் கூழாங்கல் தெரிந்த தண்ணீர் இன்றைக்குக் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே எங்கோ நல்ல மழை.

"தாண்டாதீய. திரும்பிருவோம்."

"என்னம்மா வெளையாடுதியா?" என்றார் சுந்தரபாண்டி. பாவூர்சத்திரத்துக்காரர், சென்னையில் எஸ்.ஐ. "இந்தத் தண்ணி செருப்பக்கூட நனைக்காது."

அவரே ரிசார்ட் மேனேஜர் லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

"மெயின் அருவியில வளைவு முழுசாத் தெரியுது. சின்னப்பிள்ளைகூடக் குளிக்குது. நீ அங்கன நின்னு என்ன கத சொல்லுத?"

இந்த ஊரில் மலையைப் பற்றி எதைக் கேட்டாலும் அருவியைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். தண்ணீர் அருவி முன்னால் கட்டிய பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் ஆபத்து, வளைவு தெரிந்தால் ஒன்றுமில்லை. மேலே பெய்த மழை கீழே வந்து சேர நேரமாகும் என்பது அந்த வளைவுக்கு எப்படித் தெரியும்?

"வளைவு கீழ இருக்கு சார். நான் மேல நிக்கேன்" என்று போனை வைத்தாள்.

சுந்தரபாண்டி ஓடைக்குள் கால் வைக்கப் போனார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஸ்டேஷன்ல நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன். இங்கன நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க அண்ணாச்சி."

எட்டுப் பேரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

வெள்ளம் வரவில்லை. மழை இந்தப் பக்கம் கொஞ்சம் தெளித்துவிட்டு, மீதியை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கப் பேச்சாகிவிட்டது. பன்னிரண்டு மாதமும் ஏறுவேன் என்றவளுக்குக் கார்த்திகைத் தூறலிலேயே கால் நடுங்கிவிட்டதாம். ஜுஹைனாவுக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை லிங்கேஸ்வரன் கூப்பிட்டனுப்பினார்.

"எட்டுப் பேர்ட்டயும் ஒரு மன்னிப்பு கேட்டுரு. இனிமே பாதியில திருப்ப மாட்டேன்னு சொல்லு. வேல உனக்குத்தான்."

"வெள்ளம் வரலைன்னு நான் மன்னிப்பு கேக்கணுமா சார்? வந்திருந்தா நீங்க யாரு வீட்டு வாசல்ல போயி மன்னிப்பு கேட்டிருப்பீய?"

லிங்கேஸ்வரன் மேசைமேல் கிடந்த பதிவேட்டைப் புரட்டினார்.

"தண்ணி கலங்குனா நாளைக்கும் திருப்புவேன். எத்தன தடவ கலங்குதோ அத்தன தடவ." ஆணியில் தொங்கிய தன் மலையேறும் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே, தார்ப்பாய் போர்த்திக் கிடந்த சிப்ஸ் கடை ஒன்றின் முகப்பை வாடகைக்குப் பிடித்துத் தன் கையாலேயே போர்டு எழுதினாள்: 'மலைநடை. பன்னிரண்டு மாதமும். தண்ணீர் கலங்கினால் பாதியில் திரும்புவோம்.' கடைசி வரியை அழிக்கச் சொல்லி நாலு பேர் புத்தி சொன்னார்கள். அவள் அதன்மேல் இன்னொரு கை பெயிண்ட் அடித்தாள்.

பத்து நாள் யாரும் வரவில்லை. பதினோராம் நாள் போன் அடித்தது.

"சுந்தரபாண்டி பேசுதேன். எம் மகளுக்குப் பதினாறு வயசு. மலைக்குப் போணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. அவளயும் பாதியில திருப்புவியா?"

ஜுஹைனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "திருப்புவேன் அண்ணாச்சி. அழுதாலும் திருப்புவேன்."

அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்பம் ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேன்" என்றார்.