சிவப்புப் பொட்டு வைத்த கஷ்கொட்டை

நுன்சியோ அந்த விஷயத்தைத் தன் மனைவி வெனேராவிடம் மட்டும்தான் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு. வெனேராவின் காதில் விழுந்தது நிக்கொலோசி ஊரின் கடைசி வீடு வரை போய்ச் சேர ஒரு காபி குடிக்கிற நேரம் போதும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அது தெரியும். இருந்தும் சொன்னார். பயம் வந்துவிட்டால் யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை மலை ஏறுறப்ப ஒரு தடவ என் கால் தரையில பட்டுச்சுன்னா, சைக்கிள வித்துடுவேன். சத்தியமா சொல்றேன்."

"வித்துத் தொலைங்க. கூடத்துல இடமாவது மிச்சமாகும்," என்றாள் வெனேரா. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் அவருடைய இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாக என்றால் என்னவென்று நுன்சியோவுக்குத் தெரியாது. அவர் டயர் கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவரும் கூட்டாளிகளும் எட்னா எரிமலைமேல் சைக்கிள் ஏறுவார்கள். எப்போதும் அவர்தான் முதல். மேலே விடுதி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்க வந்து சேருகிற ஒவ்வொருவரையும் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வார். அவர் சீக்கிரம் போனது அந்தக் கிண்டலுக்காகத்தான் என்றுகூடத் தோன்றும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக ஏறுகிறவருக்கும் பின்னால் ஒருவர் வர வேண்டும். அவருக்குத் துடைப்பம் என்று பெயர். துடைப்பம் யாரையும் முந்தக்கூடாது, யாரையும் வழியில் விட்டுவிட்டு வரவும் கூடாது. துடைப்பம் வந்து சேரும்வரை மேலே ஒருத்தரும் ரொட்டியில் கை வைக்க மாட்டார்கள். யார் துடைப்பம் என்பதை மலைக்காட்டில் விளையும் கஷ்கொட்டை சொல்லும். ஒரு ஹெல்மெட்டில் ஆளுக்கொன்றாகப் போட்டு, ஒன்றில் மட்டும், கூட்டாளிகளில் ஒருத்தியான மெலினாவின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்திருப்பார்கள். கண்ணை மூடி எடுக்க வேண்டும். நுன்சியோ இதுவரை எடுத்ததே இல்லை. முதலில் பறக்கிறவரைப் பின்னால் கட்டிப்போட முடியுமா?

இந்த வருஷம் மெலினா ஹெல்மெட்டை நேராக அவரிடம்தான் நீட்டினாள்.

"நீங்களும் எடுங்கண்ணே. எத்தன வருஷம் தப்பிப்பீங்க?"

எடுத்தார். சிவப்புப் பொட்டு.

"போச்சு! ராஜா துடைப்பமாயிட்டாரு!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். நுன்சியோ முகத்தைச் சுளித்துக்கொண்டார். உள்ளுக்குள் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இனி அவர் மெதுவாகப் போனால் அது இயலாமை இல்லை, பொறுப்பு. மிச்சக் கொட்டைகளை ரொட்டிக்கடை அல்ஃபியோ அள்ளித் தன் சட்டையின் முதுகுப் பையில் போட்டுக்கொண்டான்.

பருத்த உடம்புக்காரனான அல்ஃபியோதான் வழக்கமாகக் கடைசி. பைன் காடு தாண்டுவதற்குள் மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். முன்னால் அல்ஃபியோவின் அகலமான முதுகு, பின்னால் நுன்சியோ. முந்தின நாள் எட்னா செருமிச் சாம்பலைத் துப்பியிருந்தாள். சாலையெங்கும் கறுப்புச் சாம்பல் மணல். கார்ச் சக்கரம் போன தடத்தில்தான் ஓட்ட முடிந்தது. எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். நுன்சியோ உட்கார்ந்தபடியே, இருப்பதிலேயே லேசான கியரில் மிதித்தார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் வழிந்து உறைந்த எரிமலைக் கல் தொடங்கும் இடத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. சக்கரம் தள்ளாடியது. சரியாக அந்த நேரம் பார்த்து அல்ஃபியோ வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணே, ஷூவுக்குள்ள கல்லு. அந்தச் சமதளத்துல ஒரு வட்டம் அடிங்களேன், எடுத்துடறேன்."

"பொறந்ததுலேருந்து உனக்கு ஷூவுல கல்லுதான்டா!"

காளான் பொறுக்க வந்தவர்களின் கார்கள் நிற்கும் மண் திட்டில் நுன்சியோ மெதுவாக வட்டமடித்தார். மூச்சு திரும்பியது. அடுத்த வளைவில் அல்ஃபியோவுக்குத் தாகம். அதற்கடுத்ததில், மஞ்சளாகப் பழுத்திருந்த மரங்களை மனைவிக்குப் படம் பிடிக்க வேண்டுமாம். இப்படி ஒரு சோம்பேறியைக் கொடுத்த கடவுளுக்கு நுன்சியோ மனதார நன்றி சொன்னார். அவர் கால் இன்னும் தரையில் படவில்லை.

ஆட்டுப்பட்டி வளைவில்தான் அந்த நாய் வந்தது. கற்சுவரைத் தாண்டிக் குதித்து, பல்லைக் காட்டிக்கொண்டு அல்ஃபியோவின் கெண்டைக்காலைக் குறிவைத்துப் பாய்ந்தது.

"ஐயோ! அம்மா!"

அல்ஃபியோ எழுந்து நின்று மிதித்தான். சாம்பல் இருபுறமும் தெறிக்க, அந்த ஏற்றத்தில் வில்லிலிருந்து விட்ட அம்பாகப் போனான். நுன்சியோ தன் நல்ல காலத்தில்கூட அங்கே அப்படிப் போனதில்லை. நாய் தோற்று, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவருக்குத் திரும்பியது. துள்ளிய வேகத்தில் அல்ஃபியோவின் முதுகுப் பையிலிருந்து கஷ்கொட்டைகள் சிதறிச் சரிவில் உருண்டு வந்தன.

ஒன்றில் சிவப்புப் பொட்டு. இன்னொன்றிலும்.

நுன்சியோ பிரேக் பிடித்தார், காலை ஊன்றினார், குனிந்து பொறுக்கினார். எல்லாவற்றிலும் பொட்டு. அப்புறம்தான் தன் கால் தரையில் இருப்பதைப் பார்த்தார். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. இத்தனை பேரும் சேர்ந்து அவரை ஒரு நோயாளிக் கிழவனாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள்!

அல்ஃபியோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தான். அவர் கையைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

"வெனேரா சொன்னாளா?"

"அண்ணி சொல்லாம இருப்பாங்களா?"

"என் மேல பரிதாபப்பட உங்களுக்கு யாருடா உரிமை கொடுத்தது? ஷூவுல கல்லாம், தாகமாம்! இவ்வளவு வேகம் வச்சிக்கிட்டு எத்தன வருஷமாடா நடிக்கிற?"

அல்ஃபியோவுக்கும் கோபம் வந்துவிட்டது. "பின்னாடி எப்பவும் இப்படித்தாண்ணே. மெலினாவோட அம்மா தவறுன வருஷம் அவ வழியெல்லாம் அழுதுக்கிட்டே ஏறுனா. எனக்கு எத்தன தடவ செயின் கழண்டுச்சுன்னு எனக்கே தெரியாது. எனக்கு முட்டி வலிச்ச வருஷம் அவளுக்குத் தாகம். யாரும் யாரையும் கேக்க மாட்டோம். உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் மேல போய் உக்காந்துடுவீங்களே!"

மெலினா சிவந்த கண்ணோடு வந்து சேர்ந்த அந்த வருஷம் நுன்சியோவுக்கு நன்றாக நினைவிருந்தது. "சாம்பல் கண்ணுல பட்டுச்சா, இல்ல தோத்ததுக்கு அழுகையா?" என்று கேட்டுச் சிரித்தவர் அவர்தான். மற்றவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று அன்றைக்கு அவர் யோசிக்கவே இல்லை. இப்போது யோசித்தார், வெட்கமாக இருந்தது.

கொட்டைகளைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏறு. மேல பசியோட காத்துக்கிட்டிருப்பாங்க."

"அண்ணே, கால் பட்டுடுச்சே... சைக்கிள..."

"ஏறுடா முதல்ல."

விடுதியின் சிவப்புக் கூரை தெரிய ஆரம்பித்தது. அடுத்த ஏற்றத்தில் அல்ஃபியோவின் முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் வெளிப்பக்கம் விலகியது. நாய்க்குப் பயந்து ஓடியதன் பலன், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். இந்த முறை நடிப்பில்லை என்பது அவன் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது.

நுன்சியோவுக்கு மூச்சு சீராக இருந்தது. விடுதியும் பக்கத்தில்தான். இப்படியே போனால் இன்னொரு முறை கால் படாமல் போய்ச் சேர்ந்துவிடலாம்.

"டேய் அல்ஃபியோ, நில்லு," என்றார். "செயின் என்னமோ சத்தம் போடுது."

அல்ஃபியோ திரும்பிப் பார்த்தான். எந்தச் சத்தமும் இல்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை.

நுன்சியோ காலைத் தரையில் நன்றாக ஊன்றி இறங்கி, ஒரு குறையும் இல்லாத அந்தச் செயினின் முன்னால் உட்கார்ந்து, நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தார்.